ஏழு குழியும் ஏழு போட்டோவும்

போன செவ்வாய்க்கிழமை மதியம், எனக்குப் பிறகு எங்கள் துணை சுகாதார நிலையத்துக்கு வந்திருக்கும் செவிலியர் பெண் போன் செய்தாள்.

"சிஸ்டர், ஏரிக்கரைத் தெருவுல ஒரு பொண்ணு, இப்ப ஏழாம் மாசம். கொஞ்சம் புத்தி மந்தம்னு சொல்றாங்க. பிள்ளை பொறந்ததும் அக்கா வீட்டுல கொடுத்துடறதா பேசி வெச்சிருக்காங்க. நீங்க முன்ன ஒரு கேஸ் பார்த்தீங்களாமே, பல்லாங்குழியெல்லாம் வெச்சு? அதைக் கொஞ்சம் எழுதி அனுப்புங்களேன்."

வாட்ஸ்அப்பில் நாலு வரி தட்டிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நாலு வரியில் அடங்குகிற சங்கதியாக இல்லை. அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். இப்படி ஒரு வீடு எந்த ஊரிலும் இருக்கும், யாருக்காவது உதவட்டும். பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊர் எது என்று தேட வேண்டாம்.

விழுப்புரம் மாவட்டத்தில் 31 வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்தேன். 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. கர்ப்பிணியைப் பதிவு செய்வது முதல் பிள்ளைக்கு ஊசி போடுவது வரை எல்லாம் ஒரே ஆள். ஊரில் என் பெயர் யாருக்கும் தெரியாது, நர்சம்மா என்றால்தான் தெரியும். நான் படித்த 18 மாதப் பயிற்சியில் பிரசவம் இருந்தது, தடுப்பூசி இருந்தது, கிணற்றுக்குக் குளோரின் போடுவதுகூட இருந்தது. அறிவுசார் குறைபாடுள்ள ஒரு பெண் தாயானால் பக்கத்தில் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஒரு பக்கம்கூட இல்லை. எனவே நான் செய்ததெல்லாம் தடவித் தடவிச் செய்ததுதான். முதல் தடவை தப்பாகவே செய்தேன்.

பல்லாங்குழிக்கு முன்னால் அந்த மல்லிகைப்பூவைச் சொல்லியாக வேண்டும்.

1998. நான் வேலைக்கு வந்து ஐந்து வருடம். அந்தப் பெண்ணுக்கு இருபது, இருபத்தொன்று இருக்கும். பேச்சு கொஞ்சம் குழறும், காசு எண்ணத் தெரியாது, ஆனால் மூன்று மாட்டையும் அவள்தான் கறப்பாள். ஆண் குழந்தை பிறந்தது. இரண்டாம் மாதம் ஒரு நாள் பிள்ளையைத் தூளியில் போட்டுவிட்டுக் கறக்கப் போனவள் அங்கேயே மாட்டோடு இருந்துவிட்டாள். பிள்ளை ரொம்ப நேரம் கத்தியிருக்கிறது. அன்று சாயங்காலம் வீட்டில் பேச்சு. சென்னையில் இருக்கும் மச்சினருக்குக் குழந்தை இல்லை, அங்கே கொடுத்துவிடலாம் என்றார்கள். என்னிடமும் ஒரு வார்த்தை கேட்டார்கள். "பிள்ளைக்கு அதுதான் நல்லது" என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

நாலு நாள் கழித்து அந்தப் பெண் என்னிடம் வந்தாள். ரவிக்கை நனைந்திருந்தது. மார்பு கல் மாதிரி கட்டிப்போய், நல்ல காய்ச்சல். கூட வந்த மாமியார் கையில் நாலு முழம் மல்லிகை. பால் வற்றுவதற்கு மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவது நம் பக்கத்துப் பழைய வழக்கம். வேலூரில் மருத்துவர்கள் 1980களில் இதை ஆய்வு செய்தே பார்த்திருக்கிறார்கள், பால் குறைகிறது. நானும் சேர்ந்து கட்டிவிட்டேன். அவளுக்குப் பூவைப் பார்த்ததில் சந்தோஷம். குனிந்து குனிந்து மோந்து பார்த்தாள். "பாப்பா எப்ப வரும்? பூ காட்டணும்" என்று கேட்டாள்.

பதிவேட்டில் எழுதினேன்: தாய் நலம், சேய் உறவினர் பராமரிப்பில்.

அடுத்த சில வருடம் அந்தத் தெருவுக்குப் போகும்போதெல்லாம் அவள் வாசலில் இருக்கிறாளா என்று பார்த்துவிட்டு, இல்லை என்றால்தான் உள்ளே போவேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அப்புறம் 2017. பூங்கொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். சொந்த அத்தை மகனுக்கே கட்டிக் கொடுத்திருந்தார்கள், வெளியில் யாரும் கேட்டு வரமாட்டார்கள் என்று. மாற்றுத்திறனாளி அட்டையில் 50 சதவீதம் என்று போட்டிருக்கும். புரிகிற மாதிரி சொன்னால், சோறு வடிப்பாள், களை எடுக்கப் போவாள், நூறு நாள் வேலைக்கும் போவாள். ஐந்து வரை எண்ணுவாள், அதற்கு மேல் எல்லாம் "நெறைய". மணி பார்க்கத் தெரியாது. எழுத்தும் வராது. சத்தமாகச் சிரிப்பாள். ஊரில் அவளை லூசு என்பார்கள். புத்தி பேதலிப்பது நோய், வைத்தியம் உண்டு. பூங்கொடிக்கு நோய் எதுவும் கிடையாது. கற்றுக்கொள்ள நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

கணவன் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை, பதினைந்து நாளுக்கு ஒரு தரம் வருவான். ஆக வீட்டில் அவளும் அத்தையும்தான். கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி நம்பர் போட வந்த அன்றைக்கே அத்தை என்னிடம் கேட்டார்: "இவளுக்கே ஒரு ஆள் வேணும் நர்சம்மா. இவ எப்படி இன்னொன்னைப் பார்ப்பா?"

எனக்கும் பதில் தெரியவில்லை. மல்லிகைப்பூ மட்டும் ஞாபகம் வந்தது.

ஜூன் மாதம் பெண் குழந்தை. எடை 2.1 கிலோ. பிரசவமான மறுநாளே ஆஸ்பத்திரியில் குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷனுக்குக் கையெழுத்துக் கேட்டார்கள். பூங்கொடியிடம் இல்லை, அத்தையிடம். பக்கத்தில்தான் நான் நின்றுகொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், முதலில் எனக்கு அதில் தப்பே தெரியவில்லை. படிவத்தில் அத்தை கைநாட்டு வைக்கப் போகும்போது பூங்கொடி, "எனக்கு எதுக்கு ஊசி?" என்று கேட்டாள். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவளிடம் யாருமே சொல்லியிருக்கவில்லை. இப்போது வேண்டாம், பிறகு பார்க்கலாம் என்று சொல்லிக் கூட்டி வந்துவிட்டேன்.

சட்டமும் அதைத்தான் சொல்கிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பத்தாவது பிரிவு: கருத்தரிக்க முடியாமல் செய்யும் எந்தச் சிகிச்சையையும் அவருடைய சொந்தச் சம்மதம் இல்லாமல் செய்யக்கூடாது. மூன்றாம் மாதத்தில் காப்பர்-டி ஒன்றைக் கையிலேயே கொடுத்து, எங்கே வைப்போம், எப்படி எடுப்போம், எத்தனை நாள் இருக்கும் என்று மூன்று தடவை உட்கார்ந்து பேசினேன். "வேணும்னா எடுத்துடலாமில்ல?" என்று அவளே கேட்டாள். எடுத்துவிடலாம் என்றதும் சரி என்றாள். அத்தனை சுலபம். அரை மணி நேரம் செலவு.

பிள்ளை பிறந்தபின் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டிய நாள்கள் 3, 7, 14, 21, 28, 42. நான் முதல் இரண்டு வாரம் தினமும் போனேன். போய் என்ன செய்தேன்? பிள்ளையை நானே வாங்கித் துடைத்தேன், நானே துணி மாற்றினேன். நான் இல்லாத நேரம் அத்தை. பூங்கொடி கையில் பால் கொடுக்க மட்டும் கொடுப்போம், குடித்ததும் வாங்கிக்கொள்வோம். கறவை மாடு மாதிரி அவளை நடத்தினோம். உதவி செய்கிறோம் என்ற நினைப்பு வேறு.

பதினாலாம் நாள் தொங்கு தராசில் போட்டால் 1.98. பிறந்த குழந்தைக்கு முதல் வாரம் எடை குறைவது வழக்கம்தான், ஆனால் இரண்டு வாரத்தில் பிறந்த எடைக்காவது திரும்பி வந்திருக்க வேண்டும். "பார்த்தீங்களா, அவகிட்ட பால் இல்ல" என்றார் அத்தை. பாலுக்கு ஒரு குறையும் இல்லை. தோண்டித் துருவிக் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. ராத்திரி பிள்ளை அத்தை பக்கத்தில் படுக்கிறது. எடை குறைந்த குழந்தை பசித்தாலும் எழுந்து அழாது, நாம்தான் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் எழுப்பிக் கொடுக்க வேண்டும். அத்தை பகலெல்லாம் உழைத்தவர், அசந்து தூங்கிவிடுகிறார். "தெரிந்தவர்" கையில் பிள்ளை பட்டினி. தெரியாதவள் என்று நாங்கள் ஒதுக்கி வைத்த தாய் அடுத்த அறையில் பால் கட்டி முழித்துக் கிடக்கிறாள்.

அன்றைக்கு நான் திருந்தினேன். எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்றுதான் வழி தெரியவில்லை. வட்டார வள மையத்தில் ஒரு சிறப்பாசிரியர் அம்மா இருந்தார், இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பல் தேய்க்க, பொத்தான் போடக் கற்றுக் கொடுப்பவர். அவரிடம் போய் நின்றேன். "பெரியவங்களுக்கும் அதே முறைதான் சிஸ்டர்" என்று அவர் சொன்னதை என் வார்த்தையில் தருகிறேன். வேலையைத் துண்டு துண்டாக உடை. வாயால் சொல்லாதே, செய்து காட்டு. கடைசித் துண்டை முதலில் அவளிடம் கொடு, ஏனென்றால் வேலை முடிந்த சந்தோஷம் அவள் கையில் கிடைக்க வேண்டும். அப்புறம் கடைசி இரண்டு, கடைசி மூன்று என்று பின்னாலிருந்து வா. "நல்ல பொண்ணு" என்று பொத்தாம்பொதுவாகப் பாராட்டாதே, "கழுத்துக்குக் கீழ கை கொடுத்துத் தூக்கினியே, அது சரி" என்று சொல். படம் ஒட்டு. யாரோ ஒரு அம்மா யாரோ ஒரு குழந்தையைக் குளிப்பாட்டும் காலண்டர் படம் வேண்டாம், அவள் கையும் அவள் குழந்தையும் இருக்கிற படமாக இருக்கட்டும்.

கனடாவில் மாரிஸ் ஃபெல்ட்மன் என்ற உளவியலாளர் 1980களிலிருந்தே இதே மாதிரி, படிப்படியான படங்களை வைத்து, அறிவுசார் குறைபாடுள்ள தாய்மாருக்குக் குழந்தை பராமரிப்பு கற்றுக் கொடுத்து ஆய்வு செய்திருக்கிறார், பெரும்பாலானோர் கற்றுக்கொள்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார். இதை நான் ஓய்வு பெற்ற பிறகு மகள் தேடிக் கொடுத்துப் படித்தேன். எங்கள் சிறப்பாசிரியர் அம்மா அதைப் படித்திருப்பாரா என்று தெரியாது. அவருக்குப் பிள்ளைகளிடமிருந்தே தெரிந்திருந்தது.

முதலில் கங்காரு முறை. சட்டை இல்லாத குழந்தையைத் தாயின் வெறும் நெஞ்சில் போட்டுச் சேலையால் கட்டிவிடுவது, எடை குறைந்த குழந்தைக்கு இதுபோல வேறு மருந்து கிடையாது. மற்ற தாய்மார்கள் அரை மணி நேரத்தில் "போதுமா நர்சம்மா" என்பார்கள். வேலை கிடக்கும், போன் கிடக்கும், சீரியல் கிடக்கும். பூங்கொடி காலையில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் மதியம் வரை அசையமாட்டாள். பிள்ளையின் உச்சியைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். என் 31 வருடத்தில் அவ்வளவு ஒழுங்காகக் கங்காரு முறையைச் செய்த தாய் வேறு யாரும் இல்லை.

ராத்திரிப் பாலுக்கு அவள் கணவன் ஒரு வழி செய்தான். தன் பழைய பட்டன் போனை அவளிடம் விட்டுவிட்டு, எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு மணிக்கு அலாரம் வைத்துவிட்டுப் போனான். மணி பார்க்கத் தெரியாவிட்டால் என்ன, மணி அடிப்பது கேட்கும் அல்லவா? பிள்ளை அவள் பக்கத்துக்கு வந்தது. அத்தைக்கு முதலில் கோபம். ஒரு வாரம் நன்றாகத் தூங்கி எழுந்தபின் கோபம் போய்விட்டது.

இனி பல்லாங்குழி. பால் போதுமான அளவு குடிக்கிற குழந்தை ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் கழிக்க வேண்டும். பூங்கொடிக்கு ஆறு எண்ண வராது. நோட்டில் கோடு போடச் சொன்னேன், கோடு படமாகிவிட்டது. அவர்கள் வீட்டுப் பரணில் ஒரு பழைய பல்லாங்குழிப் பலகை. ஒரு பக்கத்துக்கு ஏழு குழி. ஈரத்துணி ஒன்று மாற்றினால் ஒரு குழியில் ஒரு புளியங்கொட்டை. ஆறாவது குழியில் மஞ்சள் தடவி வைத்தேன். காலையில் எல்லாக் குழியும் காலி, மறுநாள் காலைக்குள் மஞ்சள் குழியில் கொட்டை விழுந்துவிட்டால் நல்லது, விழாவிட்டால் எனக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் பாடம். இரண்டாம் நாளே பிடித்துக்கொண்டாள். நான் வாசலில் செருப்பு கழற்றும்போதே பலகையைத் தூக்கிக்கொண்டு வருவாள். இருபத்தோராம் நாள் எடை 2.16. இருபத்தெட்டாம் நாள் 2.36. நாற்பத்திரண்டாம் நாள் 2.8.

(ஐந்தாம் மாதம் புளியங்கொட்டையை நானே பொறுக்கி எடுத்துத் தூக்கிப் போட்டேன். பிள்ளை கவிழ்ந்து கண்டதை வாயில் போடுகிற பருவம். தொண்டையில் சிக்கினால் அவ்வளவுதான். புதிதாக வந்திருக்கும் செவிலியர் பெண்ணே, இதை மறக்காதே.)

ஏழு போட்டோ குளிப்பாட்டுவதற்கு. 2.5 கிலோ தாண்டும்வரை துடைத்துவிடுவது மட்டும்தான் என்பதால் பாடம் கடைசித் துண்டிலிருந்து தானாகவே தொடங்கியது: துண்டில் சுற்றித் துடைத்து, தொப்புளைப் பார்த்து, சட்டை போடுவது. அப்புறம் மெதுவாக முன்னால் போனோம். காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவதை அத்தையிடம் அவள் பார்த்திருந்தாள், அது ஒரே நாளில் வந்துவிட்டது. தண்ணீர் சூடுதான் பிரச்சினை. கை காய்ப்புக் காய்த்த உழைப்பாளிக் கை, விரலை விட்டுப் பார்த்தால் சூடே தெரியாது. முழங்கையை விட்டுப் பார்க்கக் கற்றுக் கொடுத்தேன். முதல் போட்டோ அதுதான்: பூங்கொடியின் முழங்கை, அலுமினியக் குண்டான், ஆவி இல்லாத தண்ணீர். டவுனில் ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டு லேமினேட் செய்து சுவரில் ஒட்டினோம். தலையில் ஊற்றிப் பிசைந்து, மூக்கில் ஊதி, கண்ணில் எண்ணெய் விடும் அத்தையின் வேலைகள் ஏழு போட்டோவில் எதிலும் இல்லை. அதனால் பூங்கொடி அவற்றைச் செய்யவிடவில்லை. "படத்துல இல்ல அத்தை" என்பாள். அத்தை என்னிடம் புகார் சொன்னார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

இது எனக்குப் பெரிய திறப்பு. சொன்னால் சொன்னபடி நிற்கிறவள். ஊரில் மற்ற வீடுகளில் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்று தொண்டை கிழியக் கத்திவிட்டு வருவேன். நான் தெருமுனை திரும்புவதற்குள் சர்க்கரைத் தண்ணீர், கிரைப் வாட்டர், கழுதைப்பால் வரை போகும். பூங்கொடி வீட்டில் ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. "நர்சம்மா ஆறு மாசம் பால் மட்டும்னு சொன்னாங்க." முடிந்தது.

அதிலேயே ஒரு சங்கடமும் வந்தது. ஆறு மாதம் முடிந்தது. கூழ் கொடுக்கலாம் என்றேன். மாட்டேன் என்றாள். "பால் மட்டும்." மாதம் என்பது அவளுக்குப் பிடிபடாத சங்கதி, "பால் மட்டும்" மட்டும்தான் மனதில் பதிந்திருந்தது. எட்டு நாள் போராடினேன். கடைசியில் அத்தைதான் யோசனை சொன்னார்: குலதெய்வக் கோயிலில் வைத்து முதல் சோறு ஊட்டினோம். சாமி முன்னால் பூங்கொடியே பிசைந்து ஊட்டினாள். அன்றோடு சட்டம் மாறியது. பிசைந்த சோறு கரண்டியைச் சாய்த்தால் வழியாமல் நிற்க வேண்டும், அதற்கும் ஒரு போட்டோ எடுத்தோம். இப்போது நினைத்தால், ஆறு மாதம் என்று சொல்லிக் கொடுத்த அன்றைக்கே அது எப்போது முடியும் என்பதற்கும் ஒரு அடையாளம் வைத்திருக்க வேண்டும். என் தப்பு.

ஒரு இடத்தில் கற்றது இன்னொரு இடத்துக்குத் தானாகப் போகாது. தடுப்பூசி போட்டபின் காய்ச்சலுக்குக் கொடுக்கும் சொட்டு மருந்துக்கு, டிராப்பரில் எவ்வளவு என்று சிவப்பு நகப் பாலிஷால் கோடு போட்டுக் கொடுத்திருந்தேன். பத்தாம் வார ஊசிக்கு வேறு டிராப்பர் வந்தது, கோடு இல்லை. அவள் கொடுக்கவே இல்லை, அதை எடுத்துக்கொண்டு வெயிலில் என்னிடம் நடந்து வந்தாள். வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைப் பொட்டலம் கரைக்கக் கற்றிருந்தாள், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலுக்கு ஒரு பொட்டலம். பொட்டலத்தின் நிறம் மாறிய மாதம் அதே கதை. முதலில் எனக்கு அலுப்பாக இருந்தது. பிறகு யோசித்தேன். தெரியாததைத் தெரியும் என்று நினைத்து ஊற்றுகிற தாய்மார்களை எத்தனை பார்த்திருக்கிறேன். இவள் தெரியாவிட்டால் கேட்கிறாள். கேட்பதற்கு ஆள் இருக்க வேண்டும், அதுதான் விஷயம்.

அப்படிக் கேட்க ஆள் இல்லாத இரவு ஒன்றும் வந்தது. ஐம்பத்து மூன்றாம் நாள். கணவன் பெங்களூரில். அத்தை பக்கத்து ஊருக்குத் துக்கத்துக்குப் போய்விட்டார், திரும்ப மறுநாள்தான். பிள்ளைக்கு இரண்டு நாளாகச் சளி. மூச்சை எண்ணுவது பூங்கொடிக்கு ஆகாது என்பதால் அவளுக்கு நான் ஒன்றே ஒன்றுதான் சொல்லிக் கொடுத்திருந்தேன்: சட்டையைத் தூக்கிப் பார், மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் ஓடி வா. என் வயிற்றை உள்ளே இழுத்து இழுத்துக் காட்டியிருந்தேன், அவளும் இழுத்துக் காட்டிச் சிரிப்பாள்.

விடியற்காலை நாலரை மணி. நாலு மணி அலாரத்துக்கு எழுப்பியிருக்கிறாள், பிள்ளை பால் பிடிக்கவில்லை, சட்டையைத் தூக்கியிருக்கிறாள். இருட்டில் ஒன்றரை கிலோமீட்டர் நடந்து என் குடியிருப்புக் கதவைத் தட்டினாள். "குழி" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. நான் எண்ணினேன், நிமிடத்துக்கு 68. இரண்டு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு 60 தொட்டாலே ஆபத்து. 108க்குப் போன் செய்து கூடவே போனேன். நிமோனியா.

ஆறு நாள் குழந்தைகள் பிரிவில். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப் போவதில்லை. பூங்கொடியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அம்மா இவங்களா? கூட வேற விவரமானவங்க யாராவது இருந்தா அனுப்புங்க" என்றார்கள். மருந்து விவரத்தை அவளைத் தாண்டி என்னிடம் சொன்னார்கள். சாயங்காலம் அத்தை வந்தபின் அத்தையிடம் சொன்னார்கள். அவள் வெளியே சுவரோரம் நின்றாள். மூன்றாம் நாள் அங்கே பெரிய சிஸ்டர் ஒருவர், என்னோடு பயிற்சியில் இருந்தவர், வந்தார். அவரிடம் முழுக்கதையையும் சொன்னேன். அதற்குப் பிறகு பால் பீய்ச்சிக் கொடுப்பதற்கு, நெஞ்சில் போட்டுக்கொள்வதற்கு எல்லாம் பூங்கொடியைத்தான் கூப்பிட்டார்கள்.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அத்தை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நான் வீட்டுல இருந்திருந்தா, சளிதானே, விடிஞ்சி பார்த்துக்கலாம்னு படுத்திருப்பேன் நர்சம்மா." அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. மறுநாளிலிருந்து பிள்ளை அழுதால் தான் தூக்காமல் "ஏ பூங்கொடி, உன் பொண்ணு அழுவுறா பாரு" என்று குரல் கொடுக்க ஆரம்பித்தார்.

எல்லாம் இப்படி நல்லபடியாகவே முடிந்தது என்று நினைக்க வேண்டாம். மகப்பேறு நிதியுதவிப் பணம் தாயின் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். கணக்குத் தொடங்கப் போன இடத்தில், இவருக்குச் சட்டப்படி பாதுகாவலர் வேண்டும், கலெக்டர் தலைமையிலான குழுவிடம் சான்று வாங்கி வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் அப்படி ஒரு குழு உண்டுதான், ஆனால் கைநாட்டு வைத்து ஒரு சேமிப்புக் கணக்குத் தொடங்க அது எதற்கு? மூன்று தடவை அலைந்தோம். நாலாம் தடவை அதிகாரி மாறியிருந்தார், பத்து நிமிடத்தில் தொடங்கிக் கொடுத்தார்.

பிள்ளையைப் பிரிப்பது பற்றியும் சொல்ல வேண்டும். 2016 சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு, மாற்றுத்திறனுள்ள குழந்தையை அதைக் காரணம் காட்டிப் பெற்றோரிடமிருந்து நீதிமன்ற உத்தரவு இல்லாமல் பிரிக்கக்கூடாது என்கிறது. தாய்க்குக் குறைபாடு இருந்தால்? அந்தப் பிரிவில் பேச்சே இல்லை. இந்தியா 2007இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. உடன்படிக்கையில் குழந்தையின் குறைபாடு, பெற்றோரின் குறைபாடு இரண்டையும் சேர்த்தேதான் எழுதியிருக்கிறார்கள். இங்கே வரும்போது பாதி எங்கோ விழுந்துவிட்டது. அதே 2016 சட்டத்தின் 24ஆம் பிரிவில், மாற்றுத்திறனாளிப் பெண்களுக்குப் பிள்ளை வளர்ப்புக்கு ஆதரவு தர வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. அதை எப்படிச் செய்வது என்று ஒரு சுற்றறிக்கை என் பணிக்காலத்தில் என் கைக்கு வந்ததில்லை.

2009இல் சண்டிகர் வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போனது. அரசு இல்லத்தில் இருந்த, லேசான அறிவுசார் குறைபாடுள்ள ஒரு பெண், வன்கொடுமைக்கு ஆளாகிக் கர்ப்பமானவர். கருவைக் கலைக்கச் சொன்னது உயர் நீதிமன்றம். அவரோ பிள்ளை வேண்டும் என்றார். அவர் சம்மதமில்லாமல் கலைக்க முடியாது என்று சொல்லிவிட்டது உச்ச நீதிமன்றம். லேசான குறைபாடு உள்ளவர்கள் நல்ல பெற்றோராக இருக்க முடியும் என்றும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. அந்த அமர்வின் மூன்று நீதிபதிகளில் ஒருவர் நம் ஈரோட்டுப் பக்கத்து ப. சதாசிவம். இதைப் பயிற்சி வகுப்பில் கேட்டபோது நான் பூங்கொடியை நினைக்கவில்லை. 1998இல் "பூ காட்டணும்" என்றவளை நினைத்தேன். அவளிடம் யார் கேட்டோம்?

பூங்கொடியின் மகள் இப்போது மூன்றாம் வகுப்பு. ஆடி மாதம் கூழ் ஊற்றும் திருவிழாவுக்குப் போனபோது பார்த்தேன். சுவரில் ஏழு போட்டோவில் நாலு மிச்சம் இருக்கிறது. லேமினேஷன் மஞ்சளித்துவிட்டது. மகள் அம்மாவுக்குப் பஸ் போர்டு படித்துச் சொல்கிறாள், அம்மா மகளுக்குத் தலை பின்னிவிடுகிறாள், பின்னல் கொஞ்சம் கோணல்தான்.

சரி, செவிலியர் பெண்ணுக்கு வருகிறேன். பல்லாங்குழியை அப்படியே தூக்கிக்கொண்டு போகாதே. அது பூங்கொடி வீட்டுப் பரணில் இருந்ததால் வந்த யோசனை. உன் பெண் வீட்டில் என்ன இருக்கிறது, அவளுக்கு ஏற்கெனவே என்ன வரும் என்று பார். எண்ண வருமா, போனில் பாட்டு வைக்க வருமா, யாரிடம் பயமில்லாமல் பேசுகிறாள்? இரண்டு மாதம் இருக்கிறது, பிள்ளை வருவதற்கு முன்பே தொடங்கிவிடு. பொம்மையை வைத்துப் பழக்கினால் அவமானமாக நினைப்பாள், பக்கத்து வீட்டுக் குழந்தையைத் துடைக்க, தூக்கப் பழக்கு. அக்காவோடும் பேசு. அவர் கெட்டவர் இல்லை, பிள்ளை பிழைக்க வேண்டும் என்று நினைக்கிறார். தூக்கிக்கொண்டு போக வேண்டாம், நாலு மாதம் இங்கே வந்து உடன் இருக்க முடியுமா என்று கேள். பிரசவத்துக்கு முன்பே ஆஸ்பத்திரி சிஸ்டரிடம் சொல்லிவை. வங்கிக் கணக்கை இப்போதே தொடங்கு.

சாயங்காலம் மறுபடி அவளோடு பேசினேன். அந்தப் பெண்ணுக்குப் பல்லாங்குழி தெரியாதாம். கோலம் நன்றாகப் போடுவாளாம், புள்ளி பிசகாதாம். ஏழு புள்ளிக் கோலமாம்.

வியாழக்கிழமை ஒன்பது மணி பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். சாக்பீஸ் ஒரு டப்பா வாங்க வேண்டும்.